முதல் செடல்காரரும் ரோலர் கோஸ்டரும்

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில், ஏரித் தண்ணீரில் கரும்பும் நெல்லும் விளைகிற ஊர் ஒன்றில் செல்லக்கண்ணு என்று விசாரித்தால், எந்தச் செல்லக்கண்ணு என்று திருப்பிக் கேட்பார்கள். செடல் செல்லக்கண்ணு என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

செடல் என்றால் சும்மா இல்லை. ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவில், முதுகுத் தோலில் வரிசையாகக் கொக்கிகளை மாட்டி, அந்தக் கொக்கிகளில் கயிற்றைக் கட்டி, ஆளைக் கிரேனில் தூக்கிவிடுவார்கள். குப்புறப் படுத்த வாக்கில் அந்தரத்தில் தொங்கியபடியே கோயிலைச் சுற்றி வந்து, வாசலில் ஜோடித்து நிற்கிற அம்மனுக்கு மேலே இருந்து மாலை போட வேண்டும். வேண்டிக்கொண்டவர்கள் பலர் போடுவார்கள். ஆனால் முதல் செடல்தான் செடல், மற்றதெல்லாம் அதற்குப் பின்பாட்டு. அந்த முதல் செடல் செல்லக்கண்ணுவின் அப்பாவுக்கு இருந்தது. அவர் போன பிறகு இவருக்கு வந்தது.

மற்ற நாட்களில் செல்லக்கண்ணுவை ஊர் கண்டுகொள்வதே கிடையாது. ஒரு காணிக் கரும்பு, இரண்டு கறவை மாடு, ஆளைவிடப் பெரிய மீசை, அவ்வளவுதான் சொத்து. பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் செல்போனை எடுத்துவிடுவார். ஆடியில் ஒரே ஒரு நாள் ஊரே அண்ணாந்து அவரைப் பார்க்கும். அன்றைக்கு அவரைத் திட்டியவன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். அந்த ஒரு நாளை மென்று மென்றுதான் மனுஷன் வருஷம் பூராவும் ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் தப்பு என்ன? ஆளுக்கு ஒரு நாளாவது வேண்டாமா?

"மேலேருந்து பாத்தா நம்ம ஊரு எப்பிடிண்ணே கீது?" என்று பையன்கள் கேட்பார்கள்.

"யாருக்குத் தெரியும்? நான் எங்கடா பாத்தேன்? அம்மா பாத்துக்குனு இருந்திருப்பா" என்பார்.

இதை எல்லோரும் பக்தி என்று நினைத்தார்கள். அது பச்சை உண்மை. காப்பு கட்டிய நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, செடல் அன்று அதுவும் கிடையாது. காதுக்குப் பக்கத்தில் பம்பை அடித்து, முகத்தில் வேப்பிலையால் வீசி, கொக்கி மாட்ட ஆரம்பித்ததும் கண்ணை மூடினார் என்றால், இறக்கிவிட்டு மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்த பிறகுதான் திறப்பார். நடுவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தன்னைவிடத் தைரியசாலி இந்தக் கொம்யூனிலேயே இல்லை என்று அவரும் நம்பினார், ஊரும் நம்பியது.

இந்த நம்பிக்கைக்கு வினை ஒரு சித்திரை மாதத்தில் வேன் ரூபத்தில் வந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். தெருவே சேர்ந்து வேன் பிடித்துச் சென்னைப் பக்கத்துத் தீம் பார்க் ஒன்றுக்குக் கிளம்பியது. நம் ஆட்கள் வெளியூர் போவதென்றால் ஊரைப் பார்க்கவா போகிறார்கள், சாப்பிடத்தானே! புளிச்சோறு ஒரு அண்டா, அவித்த முட்டை ஒரு கூடை, மரக்காணம் தாண்டுவதற்குள் பாதி காலி. செல்லக்கண்ணு எதற்கும் வேண்டாம் சொல்லவில்லை. பார்க் வாசலில் இறங்கி, இருந்த வடையையும் முடித்து, மேலே ஒரு ஐஸ்கிரீமையும் சாப்பிட்டார்.

உள்ளே ரோலர் கோஸ்டர் நின்றது. தண்டவாளம் வானத்துக்கு ஏறி, அங்கிருந்து அப்படியே குப்புற விழுந்து, தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதைப் பார்த்ததுமே அவருக்கு அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. புளிச்சோறு என்று நினைத்துக்கொண்டார்.

"முதல் செடல்காரரு இருக்கும்போது நாம முன்னால உக்காரலாமா? முதல் வரிசை அண்ணனுக்குத்தான்!" என்றான் அரிகரன்.

அரிகரன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் டிராக்டரும் கரும்பு லாரியும் வைத்திருக்கிற இளவட்டம். திருவிழாவில் இரண்டாவது செடல் அவனுடையது. இரண்டாவதாக இருப்பவனுக்கு முதலாவதாக இருப்பவனைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அவன் புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான்.

ரோலர் கோஸ்டரில் முதல் வரிசைதான் கொடூரம் என்பது தெரிந்த ஊர்க்காரன் ஓரமாக நடு வரிசைக்கு நகர்ந்துவிடுவான். நம் ஊரில் முதல் என்றால் மரியாதை. பந்தியில் முதல், பரிவட்டத்தில் முதல், அப்புறம் இதிலும் முதல். செல்லக்கண்ணு செருப்பைக் கழற்றி விட்டார், தண்டவாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மீசையைத் தடவிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு நேர் பின்னால் அரிகரன்.

வண்டி மெதுவாக மேலே ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது. செல்லக்கண்ணு வழக்கம்போலக் கண்ணை மூடி, "தாயே" என்றார். பம்பை இல்லை, வேப்பிலை இல்லை, தாயும் வரவில்லை. வண்டி மட்டும் விழுந்தது.

அவர் போட்ட சத்தத்தில், கீழே நிழலில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி தனக்கொடி, யார் பெற்ற பிள்ளையோ என்று உச்சுக்கொட்டினாளாம். "அடேய் பாவிங்களா, வண்டிய நிறுத்துங்கடா!" என்று அவர் கத்திய வாய் மூடவில்லை. தலைகீழ்ச் சுற்று வந்தபோது புளிச்சோறு, முட்டை, வடை, ஐஸ்கிரீம் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டன. முன்னால் போகிற வண்டியில் முன்னால் இருப்பவர் கக்கினால் அது எங்கே போகும்? காற்று கொண்டுபோய் அரிகரனின் புதுச் சட்டையில் சேர்த்தது.

இறங்கி வருகிற வழியில், சவாரியின்போது தானாக எடுத்த போட்டோவை விற்கிறார்கள். அரிகரன் சட்டையைப் பிழிவதற்கு முன்னால் போட்டோவைத்தான் வாங்கினான். வேன் மரக்காணம் திரும்புவதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செல்லக்கண்ணுவின் திறந்த வாய் எல்லார் கையிலும் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "கம்பிய மாட்டி உக்கார வச்சதுக்கே இந்தக் கத்து கத்துனவரு, கொக்கியில எப்பிடித் தொங்குறாரு?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "அம்மா அவரு மேலேருந்து எறங்கிட்டாப்பா" என்று இன்னொருவர் முடித்தார். பால் ஊற்றப் போன இடத்தில் சொசைட்டிக்காரர்கூட, "இன்னா செல்லக்கண்ணு, வயிறு பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தார்.

கோயில் கூட்டத்தில் அரிகரன் எழுந்து நின்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "எனுக்கு அண்ணன் மேல எந்தக் கோவமும் இல்ல. சட்டைதானே, போனா போவுது. அம்மனுக்கு மேல தொங்கும்போது இப்பிடி ஒண்ணு ஆச்சின்னா? ஊருக்கே தீட்டு இல்லியா? அதான் சொல்றேன், இந்த வருசம் முதல் செடல நான் போடறேன்."

தர்மகர்த்தா தங்கவேல் நியாயஸ்தர். அதாவது, யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "காப்பு கட்டறதுக்குள்ள செல்லக்கண்ணு மறுபடியும் அந்த ரயில்ல ஏறணும். கத்தக் கூடாது, கக்கக் கூடாது. அரிகரன் கூட உக்காந்து சாட்சி சொல்லணும். செஞ்சா முதல் செடல் அவருக்கு. இல்லன்னா அரிகரனுக்கு." மாரியம்மனுக்கு யார் முதல் மாலை போடுவது என்பதை ஒரு தீம் பார்க் தீர்மானிக்கும் என்பது உலகத்தில் எங்கும் இல்லாத வழக்கம். ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. "அது போச்சின்னா நான் யாருடி இந்த ஊருல?" என்று தனக்கொடியிடம் கேட்டார். அவள் சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

மூலக்குளத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் கல்பனா, அப்பாவைப் பழக்கும் வேலையைக் கையில் எடுத்தாள். ராத்திரியில் செல்போனில் வீடியோ பார்ப்பதும், காலையில் அப்பாவுக்குச் சொல்வதுமாக இருந்தாள்.

"அப்பா, உன் தப்பே கண்ண மூடறதுதான். கண்ணு ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும், வயிறு குழம்பிடும். கண்ணத் தொறந்து வண்டி எங்க போவுதோ அங்கயே பாரு."

"கண்ணத் தொறந்தா பயமா இருக்காதா?"

"எது வருதுன்னு தெரிஞ்சா பயம் கம்மியாவும்பா. தெரியாததுக்குத்தான் பயம். அப்புறம் ஏறதுக்கு முன்னால வயிறு முட்டத் தின்னாத. வெறும் வயித்தோடயும் ஏறாத. ரெண்டு இட்லி, கொஞ்சம் இஞ்சிச் சாறு. உடம்ப வெறப்பா வச்சிக்காத. விழும்போது மூச்ச மெதுவா உடு. முதல் வரிசையில உக்காராத, நடுவுல உக்காரு."

"நடுவுலயா? மரியாத இன்னா ஆவுறது?"

"மரியாதையா, வாந்தியா? நீயே முடிவு பண்ணு."

வில்லியனூர்த் தேர்த் திருவிழா வந்தது. ஊர் வடம் பிடிக்கப் போனது, செல்லக்கண்ணு ராட்டினம் ஏறப் போனார். மைதானத்தில் சின்ன ராட்டினம், பெரிய ராட்டினம், கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிற கொலம்பஸ் எல்லாம் போட்டிருந்தார்கள். முதலில் குழந்தைகள் ஏறுகிற குதிரை ராட்டினத்தில், பெரிய மீசையோடு ஒரு மரக்குதிரை மேல் உட்கார்ந்து சுற்றினார். பக்கத்துக் குதிரையில் இருந்த குழந்தை அவரைப் பார்த்து அழுதது. அடுத்து பெரிய ராட்டினம். அடுத்து கொலம்பஸ். முதல் தடவை இறங்கி ஓரமாகப் போய் உட்கார்ந்தார். தனக்கொடி எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைத்து, "வெக்கப்படாத, எழுந்துரு" என்று மறுபடியும் அனுப்பினாள். அந்தத் தேர் முடிவதற்குள் கொலம்பஸ்காரன் அவரைக் கண்டாலே, "வாங்க பெரியவரே" என்று கதவைத் திறக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஆனி கடைசியில் தீம் பார்க்கில் சோதனை நாள். அரிகரன் மழைக்கோட்டோடு வந்திருந்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறது, அவன் கழுத்து வரை பொத்தான் போட்டு நிற்கிறான். "சார், தண்ணி விளையாட்டு அந்தப் பக்கம்" என்றாள் அங்கே சீருடையில் நின்ற பெண். "எனுக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரும்மா" என்றான்.

நடு வரிசையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சீருடைப் பெண் வந்து மடியில் கம்பியை இறக்கினாள், ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தாள், பிறகு கட்டை விரலை உயர்த்தினாள். போன தடவை இதெல்லாம் செல்லக்கண்ணுவின் கண்ணில் படவே இல்லை. இப்போது ஒவ்வொன்றையும் பார்த்தார். இவ்வளவு பேர் நம்மைப் பிடித்திருக்கிறார்களே என்று நெஞ்சுக்குள் ஒரு தெம்பு வந்தது.

வண்டி உச்சிக்கு ஏறியது. கண்ணை மூடவில்லை. தண்டவாளம் எங்கே வளைகிறது என்று பார்த்தார், அதற்கு அப்பால் கடல் தெரிந்தது. கடலை இவ்வளவு உயரத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை. விழுந்தபோது மூச்சை மெதுவாக விட்டார். வயிறு ஒரு தடவை எழுந்து பார்த்துவிட்டு, சரி என்று உட்கார்ந்துகொண்டது. தலைகீழாகச் சுற்றும்போது சிரிப்புக்கூட வந்தது. அடடா, இதற்கா பயந்தோம்!

பக்கத்தில் யாரோ அலறுவது அப்போதுதான் காதில் விழுந்தது. அரிகரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "யம்மா, யம்மா, அண்ணே, உட்டுடாதண்ணே!" என்று இவர் கையைக் கவ்விப் பிடித்திருந்தான். மழைக்கோட்டுக்கு வேலை வந்தது, ஆனால் உள்பக்கமாக.

இறங்கியதும் இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அரிகரன் மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டினான்.

"நீ கத்துனத நான் ஊருல சொல்ல மாட்டேன்டா. நான் கத்தாதத மட்டும் நீ சொல்லிடு" என்றார் செல்லக்கண்ணு. அவன் தலையாட்டினான். அவன் தண்ணீர் குடித்துத் தெளிவதற்குள், செல்லக்கண்ணு ஆசைப்பட்டு இன்னொரு தடவை போய் ஏறிவிட்டு வந்தார்.

அரிகரன் சொன்ன சொல் காப்பாற்றினான். ஆடி பிறந்தது, காப்பு கட்டினார்கள், முதல் செடல் செல்லக்கண்ணுவுக்கே என்று மைக்கில் அறிவித்தார்கள். சொசைட்டிக்காரர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். பயத்தை ஜெயித்த மனுஷனின் நடையே வேறாக இருந்தது.

செடல் அன்று காலையில் பம்பை முழங்கியது, வேப்பிலை வீசினார்கள், கொக்கிகள் ஏறின. செல்லக்கண்ணு வழக்கம்போலக் கண்ணை மூடினார். கிரேன் அசைந்தது. அசைந்த மாத்திரத்தில் கண் தானாகத் திறந்துகொண்டது. மூடிப் பார்த்தார், திறந்தது. வைகாசி, ஆனி முழுக்கப் பழக்கிய பழக்கம், அம்மன் சன்னதி என்று பார்க்குமா?

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஊரை மேலே இருந்து பார்த்தார். அவர் வீட்டுத் தகரக் கூரை தீப்பெட்டி மாதிரி கிடந்தது. ஏரி தெரிந்தது, கரும்புக் கொல்லை தெரிந்தது. எவ்வளவு கீழே! மடியில் கம்பி இருக்கிறதா என்று கை தானாகத் தேடியது. மடியே இல்லை, வெறும் காற்று. கம்பியை இழுத்துப் பார்க்கச் சீருடைப் பெண் இல்லை. கிரேன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தார்கள், அதுதான் மொத்தச் சோதனையும். கிரேனின் கையில் வெல்டிங் வைத்த இடம் துருவேறி இருந்தது. கிரேன்காரர் ஒரு கையில் லிவரும் ஒரு கையில் செல்போனுமாக, யாருக்கோ இவரையே வீடியோ எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். தான் தொங்குவது தன் முதுகுத் தோலில் என்பது அப்போதுதான் செல்லக்கண்ணுவுக்குச் சரியாக விளங்கியது. இத்தனை வருஷம் இதையா செய்தேன்? எது வருகிறது என்று தெரிந்தால் பயம் குறையும் என்றாளே மகள். இங்கே தெரியத் தெரிய ஈரக்குலை நடுங்கியது.

மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

"எறக்குங்கடா! டேய், எறக்குங்கடா என்ன! நான் செத்தேன்!" என்று வீறிட்டார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

கீழே ஊரே ஆடிப்போனது. இத்தனை வருஷம் பிணம் மாதிரி அசையாமல் தொங்கியவர் இன்றைக்குக் குதிக்கிறாரே! "அம்மா எறங்கிட்டா! தாயே, மகமாயி!" என்று பெண்கள் குலவை போட்டார்கள். பம்பை வெறி கொண்டு முழங்கியது. உற்சாகத்தில் கிரேன்காரர் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். செல்லக்கண்ணு இன்னும் கத்தினார், கிரேன்காரர் இன்னும் தூக்கினார். கை உதறியதில் மாலை எங்கேயோ பறந்து, எப்படியோ போய் அம்மன் கழுத்தில் விழுந்தது. அதோடு சந்தேகப்பட்டவனும் தரையில் விழுந்தான்.

இறக்கி மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் முதலில் காலில் விழுந்தது அரிகரன்தான். தேம்பித் தேம்பி அழுதான். "உன்னப் போயி சந்தேகப்பட்டேனே அண்ணே! இந்தச் சக்தி எனுக்கு ஏது? இனிமே இந்த எடத்த நான் நெனச்சிக்கூடப் பாக்க மாட்டேன்."

தர்மகர்த்தா தங்கவேல் மைக்கைப் பிடித்தார். "அம்மா இம்மாம் உக்கிரமா எறங்கி நான் பாத்ததே இல்ல. இனிமே முதல் செடலுக்குப் போட்டி கெடையாது. செல்லக்கண்ணு உசுரோட கீறவரைக்கும் அவருதான். அவரே வேணாம்னாலும் ஊரு உடாது." கைதட்டல் அடங்கியதும் மைக்கைச் செல்லக்கண்ணுவின் வாயருகே நீட்டினார்கள்.

செல்லக்கண்ணு கூட்டத்தைப் பார்த்தார். எல்லார் கண்ணும் அவர் மேல். வாழ்நாள் பூராவும் இதற்குத்தான் ஏங்கினார். ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனுக்கு... ரொம்பப் பயமா இருந்திச்சி. பயத்துலதான் கத்துனேன். என்னால இனிமே முடியாது" என்றார்.

தர்மகர்த்தா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பாத்தீங்களா பணிவ!" என்றார் தங்கவேல். மறுபடியும் குலவை கிளம்பியது.

வீட்டுக்குள் குப்புறப் படுக்கவைத்துத் தனக்கொடி முதுகில் விபூதி வைத்து அழுத்தினாள்.

"நெசமாத்தான்டி பயந்தேன்."

"தெரியும்யா. உன் கை சில்லுனு கீது."

"நீயாச்சும் அவங்ககிட்ட எடுத்துச் சொல்லேன்."

"சாமி எறங்குன வாயாலே நீ சொன்னதயே நம்பல. எம்பேச்சயா நம்பப்போறாங்க?"

வாசலில் அரிகரன் செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த ஆடிக்கு, மேம்பாலம் கட்டுகிற கிரேன் ஒன்று வாடகைக்கு வருமா, அது எவ்வளவு உயரம் தூக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.